மலைக்குப் பின்னால் நின்றவர்களின் மூக்கு

"ஆச்சரியம் வந்தால் மனிசருக்கு விரல் எங்கை போகும்? மூக்குக்கோ, வாய்க்கோ?"

கோணேஸ் அன்ரி என்னிடம் இதைக் கேட்டது ரொறன்ரோவின் ஃபின்ச் வீதி பஸ்ஸில். 1996ஆம் ஆண்டு பங்குனி மாதம் தொடங்கியிருந்தது. தெருவோரப் பனி கறுத்துப்போய்க் கிடந்தது. பள்ளிக்கூடத்தை முடித்திருந்த நான், ஒரு கடையில் வேலை கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த மாதம் எனக்கு அதுதான் தொழில். அவர் வழமையைவிட நேரத்தோடு வேலையிலிருந்து வந்துகொண்டிருந்தார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். சுட்டுவிரலை முதலில் மூக்கு நுனியில் வைத்தார். பிறகு உதட்டில் வைத்தார். எதிர் இருக்கையில் இருந்த சீனப் பெண்மணி தன்னைத்தான் சத்தம் போடவேண்டாம் என்கிறார் என்று நினைத்து, பிள்ளையோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"தெரியேல்லை அன்ரி."

"இவ்வளவு காலம் பள்ளிக்கூடம் போனனீ. உது தெரியாதோ?"

உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. அவர் அழுதுவிட்டு வந்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. பிறகு அவரிடமும் அவருடைய மகள் சஜிதாவிடமும் கேட்டு அறிந்ததை, விளங்கும்படியாக இங்கே எழுதப் பார்க்கிறேன்.

கோணேஸ்வரி திருகோணமலைக்காரி. 1988இல் கணவர் அன்புராசாவோடும் மகள் சஜிதாவோடும் ரொறன்ரோவுக்கு வந்தார். ஸ்காபரோவில் எங்கள் அப்பாட்மென்றில், எங்கள் மாடியிலேயே குடியிருந்தார்கள். அன்புராசா அங்கிளுக்குக் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் பக்ரறியில் வேலை கிடைத்தது. அன்ரி ஒரு உணவகத்தில் வெங்காயம் வெட்டினார். பிறகு பிளாஸ்ரிக் கோப்பைகளை அடுக்கிப் பெட்டியில் போடும் வேலை. அந்த வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே வசனம், "கோப்பைக்கு முகம் இல்லை, அதாலை கெதியா அலுத்துப்போச்சு" என்பதுதான்.

கேக் போடத் தொடங்கியது ஒரு கோபத்தில். சஜிதாவின் பிறந்தநாளுக்குக் கடையில் வாங்கிய கேக்கில் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். அன்ரி அதை மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். அடுத்த வாரம் நூலகத்தில் ஐசிங் செய்வதைக் காட்டும் வீடியோவை எடுத்து வந்து திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஒரு வருடத்துக்குள் எங்கள் பக்கத்துப் பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம் எல்லாவற்றுக்கும் அவருடைய கேக்தான். அவர் போடும் மயில் பிரசித்தம். இறகின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக இழுப்பார். இழுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். முகம் சிவந்துவிடும். "மூச்சை விடு கோணேஸ், மயில் பறக்காது" என்று அன்புராசா அங்கிள் குசினி வாசலில் நின்று சொல்வார்.

அந்த மயில்தான் அவரை யங் வீதிக்குக் கொண்டுபோனது. அன்புராசா அங்கிளோடு பக்ரறியில் வேலைசெய்த ஈரானியர் ஒருவர், சஜிதாவின் பிறந்தநாளொன்றுக்கு மனைவி மகினோடு வந்திருந்தார். கேக்கை வெட்டப் போகும் நேரம் மகின் எழுந்து வந்து கத்தியைப் பிடித்துக்கொண்டார். வெட்டக்கூடாது என்றார். இதைத் தன் அண்ணன் பார்க்கவேண்டும் என்றார். சின்னப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். கடைசியில் யாரோ ஒருவர் கமராவைக் கொண்டுவந்து மயிலைப் படம் எடுத்த பிறகுதான் மகின் கத்தியை விட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்ரியை வேலைக்குக் கூப்பிட்ட மகினின் அண்ணன் பெயர் பர்வீஸ். யங் வீதியின் வடக்குப் பக்கம், ஒரு கம்பளக் கடைக்குப் பின்னால் அவருடைய சித்திரக்கூடம் இருந்தது. பாரசீகச் சிறுசித்திரங்கள் வரைவது அவருடைய தொழில். மன்னர்களும் வீரர்களும் வரும் பழைய பாரசீகப் பெருங்காவியத்தின் காட்சிகளை, ஒரு கொப்பித் தாள் அளவுக்குள், குதிரை, படை, மலை, கோட்டை எல்லாவற்றையும் அடக்கி வரைவார். ரொறன்ரோவில் இருந்த ஈரானியர்கள் வாங்கி வீட்டில் மாட்டினார்கள். அங்கே எல்லாரும் அவரை உஸ்தாத் என்று கூப்பிட்டார்கள். ஆசான் என்று அர்த்தம். கோணேஸ் அன்ரி அதை அவருடைய பெயர் என்று நினைத்துவிட்டார். முதல் நாளிலிருந்தே "மிஸ்டர் உஸ்தாத்" என்றுதான் கூப்பிட்டார். பிழை தெரிந்த பிறகும் மாற்றவில்லை. அவரும் திருத்தவில்லை.

அவர்கள் பேசிக்கொண்டது ஆங்கிலம். இரண்டு பக்கத்துக்கும் அது இரவல் மொழி. ஆனால் அன்ரி எனக்குச் சொல்லும்போது உஸ்தாத்தையும் மகினையும் எங்கள் தமிழிலேயே பேசவைத்தார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சித்திரக்கூடத்தில் வேலைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. புதிதாக வருபவர் புல் போடுவார். பாரசீகச் சித்திரத்தில் புல்வெளி என்பது பச்சையாகப் பூசிவிடும் இடம் அல்ல. ஒவ்வொரு கொத்தையும் தனியாக இழுக்கவேண்டும். புல்லில் தேறினால் பாறை. பாறை அங்கே ஊதாவும் இளஞ்சிவப்பும். பிறகு உடுப்பு, குதிரை. கடைசியில் முகம். முகத்தை உஸ்தாத் மட்டும்தான் வரைவார். மற்ற எல்லாம் முடிந்த தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், தனியாக இருந்து வரைந்துகொண்டு வருவார். சிலநாள் அந்தத் தாள்கள் அங்கே திரும்பி வராமலே வாங்கியவரிடம் போய்விடும்.

அன்ரி இரண்டு வருடத்தில் புல்லிலிருந்து குதிரைக்கு வந்துவிட்டார். அவருக்கு வேண்டியது முகம். வேறு எதையும் அவர் அங்கே கேட்டதில்லை.

"மிஸ்டர் உஸ்தாத், நான் எப்ப முகம் போடுறது?"

"குதிரைக்கும் முகம் இருக்குத்தானே. அதைப் போடு."

"குதிரை என்னைப் பாக்குதில்லை. அது பக்கவாட்டிலை நிக்குது."

உஸ்தாத்துக்கு அது பகிடியாகப் பட்டது, சிரித்தார். அன்ரி பகிடிக்குச் சொல்லவில்லை. வீட்டில் அன்புராசா அங்கிளும் விடவில்லை. "கண்டறியாத குதிரைப் படம். பேசாமல் கேக்கைப் போடு. ஆக்கள் காத்திருக்கினம்" என்பார்.

"கேக்கைத் திண்டு முடிச்சிடுவினம். முகத்தை ஆரும் தின்னேலாது" என்று அன்ரி சொல்வாராம்.

1996ஆம் ஆண்டு மாரிகாலத்தில் உஸ்தாத் ஒரு கண்காட்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். ஈரானியரின் புதுவருடம் பங்குனி மாதப் பிற்பகுதியில் வரும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரு மண்டபத்தில் படங்களை வைப்பது திட்டம். நடுவில் மாட்டுவதற்கு ஒரு பெரிய தாள் தயாரானது. நண்பனைச் சிறைவைத்த கோட்டைக்கு ஒரு வீரன் வருகிறான். கதவு திறக்கவில்லை. அவன் கதவை நிலையோடு பிடுங்கித் தோளில் வைத்துக்கொள்கிறான். சிறுவயதில் ஒரு தேநீர்க்கடையில் கதைசொல்லி ஒருவர் சொல்லக் கேட்ட கிளைக்கதை இது என்றும், காவியத்தில் தேடவேண்டாம் என்றும் உஸ்தாத் சொல்லியிருந்தார்.

"கதவோடை குதிரையிலை ஏறினால் குதிரை என்னாகும்?" என்று அன்ரி கேட்டார்.

"குதிரையும் வீரன்தான்" என்றார் உஸ்தாத்.

அந்தக் குதிரையை அன்ரிதான் போட்டார். கால்கள் கொஞ்சம் வளைந்து, பாரம் தெரியும்படி.

படத்தின் மேல்பக்கத்தில் ஊதா மலை. மலைக்குப் பின்னாலிருந்து ஊர்ச்சனங்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இந்தச் சித்திரங்களில் வழக்கமாக வரும் ஆட்கள் இவர்கள். சண்டை நடந்தாலும் காதல் நடந்தாலும் மலைக்குப் பின்னால் நான்கு பேர் நின்று பார்ப்பார்கள். உஸ்தாத் வீரனின் முகத்தை முடித்துவிட்டார். மலைக்குப் பின்னால் தலைப்பாகைகளையும் முக வட்டங்களையும் கோடாகப் போட்டு வைத்தார். அடுத்த நாள் காலையில் தன் வீட்டு வாசல்படியில் பனியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது.

பிளாஸ்ரர் போட்டு வீட்டில் கிடந்தவருக்கு அன்ரி ரெலிபோன் எடுத்தார்.

"மிஸ்டர் உஸ்தாத், மலைக்குப் பின்னாலை நிக்கிற ஆக்களுக்கு முகம் இல்லை. என்ன செய்யிறது?"

"நீயே போடு."

"நானோ?"

"வேறை ஆர் இருக்கினம்? எல்லாம் ஒரே முகம்தான். நிலா மாதிரி வட்டம், சின்னக் கண். ஆனால் எல்லாரும் ஆச்சரியப்படவேணும், விளங்குதோ? வீரன் கதவைத் தூக்கிறான், பாக்கிறவை திகைச்சுப்போய் நிக்கினம். விரல்! விரல்தான் முக்கியம்!"

"ஓம் ஓம், விரல். எங்களிட்டையும் இருக்கு."

"உங்களிட்டையும் இருக்கோ?"

"ஓம். ஆச்சரியம் எண்டால் விரல்தானே."

"நல்லதாய்ப் போச்சு. அப்ப உனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை."

அன்ரிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. முகம் கிடைத்துவிட்டது. அதோடு, இவ்வளவு தூரத்து ஊர்க்காரருக்கும் நமக்கும் ஒரே பழக்கம் இருக்கிறதே என்பது இன்னொரு சந்தோசம். தமிழில் ஆச்சரியப்பட்டால் மூக்கில் விரலை வைப்போம். கதையில் அப்படித்தான் வரும், நாடகத்தில் அப்படித்தான் நடிப்பார்கள், அயலில் நடந்த புதினம் சொல்லும்போது எங்கள் கட்டடத்து யோகமலர் அன்ரி அப்படித்தான் சொல்வார்: "கேட்டவையெல்லாம் மூக்கிலை விரலை வைச்சிட்டினம்." ஆகவே கோணேஸ் அன்ரி மூச்சை அடக்கிக்கொண்டு, மலைக்குப் பின்னால் நின்ற ஒவ்வொருவருக்கும் நிலா முகம் போட்டு, சின்னக் கண் போட்டு, சுட்டுவிரலைக் கொண்டுபோய் மூக்கு நுனியில் வைத்தார்.

சித்திரக்கூடச் சுவரில் மாட்டியிருந்த பழைய படமொன்றில் ஒரு பணிப்பெண் வாயில் விரலோடு நின்றதை அவர் கவனிக்காமல் இல்லை. அவள் வாசலில் நின்றபடியால், உள்ளே யாரோ நித்திரை, சத்தம் போடவேண்டாம் என்கிறாள் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் உஸ்தாத் கையைக் கழுத்தில் தொங்கப் போட்டபடி வந்தார். மகினும் கூட வந்தார். தாளை யன்னலடியில் வைத்து இரண்டு பேரும் குனிந்தார்கள். முதலில் சிரித்தது மகின். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன இது? ஏன் எல்லாரும் மூக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்? கதவைத் தூக்கேக்கை வீரன் காத்து விட்டிட்டானோ?"

"மகின், சிரிக்காதை" என்றார் உஸ்தாத். அன்ரியின் பக்கம் திரும்பினார். "ஏன் மூக்கு?"

"ஆச்சரியம், மிஸ்டர் உஸ்தாத். நீங்கள்தானே விரல் எண்டனீங்கள்."

"வாய்! விரல் வாயிலை! ஆச்சரியத்திலை விரலைக் கடிக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"எங்கட பிள்ளையளுக்கு மூக்கு எண்டுதான் தெரியும்."

உஸ்தாத் தாளை மேசையில் வைத்தார். கண்காட்சிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அவருடைய கை ஆறுவதற்கு அது போதாது.

"இது கேக் இல்லை, கோணேஸ். பிழைச்சால் வழிச்சு எறிஞ்சுபோட்டு வேறை பூச. நீ நாளையிலை இருந்து புல்லுப் போடு."

அன்றைக்குத்தான் அன்ரி நேரத்தோடு பஸ் ஏறினார். என்னைக் கண்டார். அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என்னிடம் பதில் கிடைக்காததால் அவர் விசாரணையை விரிவாக்கினார். எங்கள் கட்டடத்தின் பேஸ்மென்றில் உடுப்புத் தோய்க்கும் அறை இருந்தது. சனிக்கிழமைகளில் எல்லாரும் அங்கே வருவார்கள். அன்ரி ஒரு மெஷினுக்கு முன்னால் நின்று, வந்தவர்களையெல்லாம் சோதித்தார். நான் உடுப்பு மடித்துக்கொண்டு நின்று பார்த்தேன்.

முதலில் அகப்பட்டவர் அல்பேட் அங்கிள். நான்காம் மாடிக்காரர்.

"அல்பேட் அண்ணை, உங்கட காரைக் காணேல்லையாம்!"

அல்பேட் அங்கிளின் இரண்டு கையும் காற்சட்டைப் பைக்குள் போயின. கார்த் திறப்பைத் தொட்டுப் பார்த்தார். "ஆர் சொன்னது?" என்றபடி படியில் ஓடிவிட்டார். விரல் எங்கும் போகவில்லை. திரும்பி வந்து அவர் சொன்னதை எழுதத் தேவையில்லை.

அடுத்தது யோகமலர் அன்ரி.

"மலர், சஜிதாவுக்குக் கலியாணம் சரியாப்போச்சு."

யோகமலர் அன்ரியின் விரல் மூக்குக்குப் போகவில்லை. ஈர உடுப்புக் கூடையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "மாப்பிளை எந்த ஊர்?" என்றார்.

"மலர், நீர்தானே எல்லாரும் மூக்கிலை விரலை வைச்சவை எண்டு சொல்லுறனீர்?"

"அது சொல்லுறது. ஆரும் வைப்பினமோ, விசரே?"

அன்ரி அதைக் கேட்டு மெஷினின் மேல் சாய்ந்துகொண்டார். அதுவரை அவர் தன் பக்கம்தான் சரி, உஸ்தாத்தின் பக்கம் பிழை என்று நிரூபிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். இப்போது மூக்கும் பொய்யாகிவிட்டது. வாயும் அப்படித்தான் இருக்கவேண்டும். படத்துக்குள் இருக்கிற ஆட்களுக்கு மட்டும்தான் விரல் போகிறது. அப்படியானால் அது எந்தப் படமோ அந்தப் படத்தின் ஆட்கள் வைக்கிற இடத்தில் வைக்கவேண்டும். சஜிதாவிடம் அவர் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னாராம்: "அவையின்ரை கதை, அவையின்ரை வாய்."

திங்கட்கிழமை அவர் புல்லுத் தாளைக் கையில் எடுக்கவில்லை. உஸ்தாத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"மிஸ்டர் உஸ்தாத், முகம் பிழையோ?"

உஸ்தாத் யோசித்தார். "முகம் பிழையில்லை."

"கண்?"

"கண்ணும் பரவாயில்லை."

"அப்ப விரல் மட்டும்தானே. மூக்குக்கும் வாய்க்கும் நடுவிலை அரை அரிசி அளவு இடமும் இல்லை. நான் இறக்கிவிடுறன்."

"சுரண்டவேணும். தாள் ஓட்டையாய்ப் போகும்."

"போகாது."

"போனால்?"

"போனால் நான் திரும்பப் புல்லுமில்லை, ஒண்டுமில்லை. கோப்பை அடுக்கப் போறன்."

உஸ்தாத் இடது கையைத் தூக்கினார். சுட்டுவிரலை மடித்து, பக்கவாட்டில் பற்களுக்கு நடுவில் வைத்துக் காட்டினார். "இப்பிடி. தொடுறதில்லை. கடிக்கிறது."

"நோகாதோ?"

"ஆச்சரியத்திலை நோகாது."

அன்ரி ஒரு சவரப் பிளேட்டை உடைத்து அதன் முனையால் சுரண்டினார். ஒரு விரலுக்கு ஒரு காலைப்பொழுது போனது. விரலைச் சுரண்டும்போது அதன் கீழிருந்த மூக்கு நுனியும் சேர்ந்து போனது. தாள் ஓட்டையாகவில்லை. வாயில் புதிய விரல்களைக் கடிக்க வைத்தார். பிறகு மூக்கு நுனிகளுக்கு அதே தோல் நிறத்தைக் குழைத்து ஒரு பொட்டு, ஒரு பொட்டாக வைத்தார். ஈரமாக இருக்கும்போது நிறம் சரியாகப் பொருந்தியிருந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனார். அன்றிரவு கேக் ஒன்றுக்கு மயில்கூடப் போட்டார்.

காலையில் வந்து பார்த்தால், மூக்கு எல்லாம் சிவப்பு.

கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்கிய தாளில் நிறம் மேலே நிற்கும். சுரண்டிய இடத்தில் தாள் அதைக் குடித்துவிடும். குடித்தது காய்ந்தபோது இருண்டு, சிவந்துவிட்டது. திரும்பச் சுரண்ட அந்த இடத்தில் இனித் தாளே இல்லை. மலைக்குப் பின்னால் ஊர்ச்சனங்கள் விரலைக் கடித்தபடி, மூக்கு நுனி சிவந்து வரிசையாக நின்றார்கள்.

முதலில் வந்தது மகின். பார்த்தார். இந்தமுறை மெல்லத்தான் சிரித்தார். "பாவம், இவையும் கனடாவுக்கு வந்திட்டினம்" என்றார். "விறைச்சுப்போய் நிக்கினம். ஃபின்ச் பஸ் இன்னும் வரேல்லைப் போலை."

உஸ்தாத் சிரிக்கவில்லை. படத்தை நடுவில் மாட்டப்போவதில்லை என்று மட்டும் சொன்னார். அன்ரி தன் தூரிகைகளைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி, கைப்பைக்குள் வைத்தார். வீட்டுக்கு வந்து அன்புராசா அங்கிளிடம், தான் கோப்பை அடுக்கிய பழைய பக்ரறியில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரிக்கச் சொன்னார். அங்கிளுக்கு வாய்வரை ஏதோ வந்ததாம். பிறகு, "கேக்கைப் போடு எண்டு நான் சும்மா சொல்லுறது கோணேஸ்" என்றாராம்.

கண்காட்சிக்கு மகின் ஒரு கேக் கேட்டிருந்தார். கேட்டது கேட்டதுதான் என்று அன்ரி அதைப் போட்டார். மயில் இல்லை. வெறும் பூ. அங்கிளின் காரில் அவர்கள் குடும்பமும் நானும் போனோம். கேக் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அன்ரி இருந்தார்.

மண்டப வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே போக இடமில்லை. உஸ்தாத் அந்தப் படத்தை எல்லாருடைய கண்ணுக்கும் தப்பும் இடமென்று நினைத்து, வாசலுக்குப் பக்கத்தில், கோட்டுக் கொழுவும் ஒடுக்கமான இடத்தில் மாட்டியிருந்தார். அன்று காற்றோடு கடும் குளிர். வந்தவர்கள் வாகனத்தை எங்கோ நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். கோட்டைக் கழற்றிக் கொழுவத் திரும்பினால், முகத்துக்கு நேரே அந்த மலை. மலைக்குப் பின்னால் சிவந்த மூக்குகள். பார்த்தவர்களுடைய மூக்கும் அதே நிறம். ஒருவர் சிரித்தால் மற்றவர் என்ன என்று எட்டிப் பார்த்தார். ஒரு பெண் தன் கணவரின் மூக்கையும் படத்தையும் மாறி மாறிக் காட்டினார். ஒரு பையன், "இது எங்கட அப்பா, இது மாமா" என்று ஒவ்வொரு முகத்துக்கும் ஆள் சொன்னதாகப் பிறகு மகின் எங்களுக்கு விளக்கினார். கோட்டைக் கொழுவியவர்கள் யாரும் உள்ளே போகவில்லை.

ஏன் ஆட்கள் உள்ளே வருகிறார்கள் இல்லை என்று பார்க்க உஸ்தாத் வெளியே வந்தார். கை இன்னும் கழுத்தில் தொங்கியது. வயதான ஒருவர் அவரிடம் பாரசீகத்தில் எதையோ கேட்டார். மகின் எங்கள் பக்கத்தில் நின்று மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னார்: "இந்த முகங்களை ஆர் போட்டது எண்டு கேக்கிறார்."

படத்தின் கீழே உஸ்தாத்தின் பெயர்தான் இருந்தது. அங்கிருந்த எல்லாப் படத்திலும் அப்படித்தான். அவர் படத்தைப் பார்த்தார். கோட்டுகளைப் பார்த்தார். அப்போதுதான் வாசலில் நின்ற எங்களைக் கண்டார். இடது கையை நீட்டினார்.

"கோணேஸ்வரி" என்றார். அவர் முழுப்பெயரையும் சொல்லி அன்ரி அதுவரை கேட்டதில்லை.

எல்லாரும் திரும்பினார்கள். எனக்கு உடனே பஸ்ஸில் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. அன்ரியின் விரலைப் பார்த்தேன். இரண்டு கையிலும் கேக் பெட்டி இருந்தது. விரலுக்குப் போக வழியில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

"மூச்சை விடு கோணேஸ்" என்றார் அன்புராசா அங்கிள்.

அடுத்த நாள் காலை அன்ரி வேலைக்குப் போனபோது அவருடைய மேசையில் ஒரு புதிய தாள் இருந்தது. மலை இருந்தது, தலைப்பாகைகள் இருந்தன, முகங்கள் வெறுமையாக இருந்தன. உஸ்தாத்தின் கை கோடைக்குள் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் அந்த ஒழுங்கு அப்படியே நின்றுவிட்டது. வீரனின் முகம் உஸ்தாத்துடையது. பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் முகம் கோணேஸ்வரியுடையது. பிறகு பலர் வந்து சிவந்த மூக்கு வைத்த படம் வேண்டும் என்று கேட்டார்கள். உஸ்தாத் முடிவை அன்ரியிடம் விட்டார். அன்ரி மாட்டேன் என்றுவிட்டார். "ஒருக்கால் வந்தது பிழை. திரும்பச் செய்தால் அது பகிடி. அந்த ஆக்களை வைச்சு நான் பகிடி பண்ணமாட்டன்" என்றார்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அன்ரி இன்னும் அதே பஸ்ஸில்தான் போய்வருகிறார். அந்தப் படத்தை அன்றைக்கே ஒருவர் வாங்கிவிட்டார். அவர் பிறகு வேறு நகரத்துக்குப் போய்விட்டாராம். எங்கே என்று மகினுக்கும் தெரியாது. எங்களிடம் அதன் பிரதி எதுவும் இல்லை. அன்புராசா அங்கிள் அன்று ஒரு படம் எடுத்தார். கழுவி வந்தபோது பாதியை அவருடைய விரல் மறைத்திருந்தது. மீதிப் பாதியில் குதிரை மட்டும் இருக்கிறது.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்காவது ஒரு வீட்டுச் சுவரில், கோட்டைக் கதவைத் தோளில் வைத்த வீரனையும் மலைக்குப் பின்னால் மூக்குச் சிவந்து விரலைக் கடித்து நிற்கும் சனங்களையும் கண்டால், அந்த வீட்டுக்காரருக்கு இதைச் சொல்லுங்கள். அந்த முகங்கள் ஸ்காபரோவில் கேக் போடுகிற கோணேஸ்வரியின் முகங்கள், அந்தச் சிவப்பு ஒரு காலத்தில் விரல் இருந்த இடம் என்று சொல்லுங்கள். படத்தைக் காணாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்த ஒருவருக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது, கேட்பவருடைய விரல் எங்கே போகிறது என்றும் கொஞ்சம் பாருங்கள்.